ழ கெட்டுப்போன லேப்டாப்

அந்த ழ-வைக் கொன்றது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணி சொல்லிவிடுவார். தாளில் துளை போடும் இரும்புக் கருவியை மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது கை நழுவி, அது நேராக அண்ணியின் லேப்டாப் மேல் விழுந்தது. வலது பக்கம், கீழ் வரிசையின் ஓரம். மற்ற விசைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ழ மட்டும் பல் விழுந்த மாதிரி கழன்று மேசைக்கு அடியில் ஓடியது. தேடி எடுத்துப் பொருத்திப் பார்த்தோம். விசை உட்கார்ந்தது, எழுத்து வரவில்லை.

"போயும் போயும் ழ-தானா கிடைச்சுது உனக்கு? அந்த ஔ சும்மாதானே கிடக்கு, அது மேல போட்டிருக்கக் கூடாதா?" என்றார் அண்ணி.

எங்கள் கடை நகர அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. நீளமான ஒரே அறை. வாசலில் முதலாளியின் மேசை. நடுவில் நகலெடுக்கும் இயந்திரத்தோடும் பிரிண்டரோடும் நான். கடைசியில் அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், பிறகு என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். எதிர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு அதை எழுதித் தருவது அவர் வேலை. கூரை ஒழுகுகிறது, சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது, குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் பாதையை அடைத்துவிட்டான். இப்படி ஊரில் உள்ள குறையெல்லாம் அண்ணிக்கு எதிரே கிடக்கும் முக்காலியில் வந்து உட்காரும்.

அண்ணி மூன்றே கேள்வி கேட்பார். "என்ன ஆச்சு? எப்ப ஆச்சு? இப்ப அவங்க என்ன செய்யணும்ங்கறீங்க?" வந்தவர் முதல் கேள்விக்கே தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார். அண்ணி குறுக்கே பேசமாட்டார். அவர்கள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "அவ்வளவுதாம்மா" என்று சொன்ன பிறகுதான் விரல்கள் கிளம்பும். பதினேழு வயதில் தட்டச்சு படித்த கை. திரையைப் பார்ப்பார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார், விசைகளை மட்டும் பார்க்கமாட்டார்.

அந்த லேப்டாப் அவருடைய சொந்தம். கடைக்கு அதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. முன்பு ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினாறு வருடம் தட்டச்சு செய்தார். ஒரு நாள் திடீரென்று, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் தன் சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்து வாங்கியது. ஒன்பது வருடம் ஆகிறது. இடது பக்கக் கீல் உடைந்து, திரையைத் தாங்க ஒரு அட்டைப்பெட்டி. பாட்டரி பேருக்குத்தான், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். விசிறி சுற்ற ஆரம்பித்தால் முக்காலியில் இருப்பவர் குரலை உயர்த்தித் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். தெரு முழுக்கக் கேட்கும். இதெல்லாம் அண்ணிக்குப் பழகிவிட்டது. ழ போனதுதான் பழகவில்லை.

தனியாக ஒரு விசைப்பலகை வாங்கி மாட்டலாமே என்பீர்கள். மாட்டினோம். லேப்டாப்பில் உருப்படியாக இருப்பது ஒரே யூஎஸ்பி ஓட்டை, அதில் மவுஸ் இருக்கிறது. இன்னொரு ஓட்டை இளகிக் கிடந்தது. அதில் செருகிய பலகை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மயக்கம் போட்டது. கடைசியில் அண்ணி வேறு வழி கண்டுபிடித்தார். பழைய மனு ஒன்றிலிருந்து ழ-வை நகலெடுத்து ஒட்டுவது. ஆனால் ஒற்றை ழ போதாது. ஒட்டிய ழ-வுக்குப் பக்கத்தில் ஐ-யை அடித்தால் ழை ஆகாமல் தனி ஐயாக முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு வரிசை கட்டி வைத்தார்: ழ ழா ழி ழு ழை ழ். எது வேண்டுமோ அதை மேலே போய் எடுத்து வந்து, கீழே ஒட்ட வேண்டும். மனு முடிந்ததும் அந்த வரிசையை அழித்துவிட வேண்டும்.

இதில்தான் தாழ்மை மாட்டிக்கொண்டது.

எங்கள் பக்கம் மனு என்றால் அதற்கு ஒரு தலையும் வாலும் உண்டு. தலையில் "மிகவும் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் மனு". வாலில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள". நடுவில் அங்கங்கே "ஏழையாகிய நான்", "பிழை இருப்பின் பொறுத்தருளி". யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஆளுக்கு ஆள் பார்த்து எழுதி, அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. ழ செத்த முதல் நாள் அண்ணி பதினோரு மனு எழுதினார். மத்தியானத்துக்குள் மேலேயும் கீழேயும் ஓடி அவருக்கு மணிக்கட்டு வலி.

"இந்தத் தாழ்மை ரொம்ப வேலை வாங்குதுடி," என்று சொல்லிவிட்டு, அடுத்த மனுவில் அதை விட்டுவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது வெறும் சோம்பேறித்தனம்தான். மறுநாள் கீழ்ப்படிதல் போயிற்று. "இப்படிக்கு" என்று போட்டு நேராகப் பெயர். வாரக் கடைசிக்குள் ஏழையும் பிழையும் போயின. இரண்டு பக்கம் வழிந்த மனுவெல்லாம் என் பிரிண்டரில் ஒரே பக்கமாக வந்து விழுந்தன. படித்துப் பார்த்தேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன செய்ய வேண்டும். கடைசியில் "கேட்கிறேன்". அவ்வளவுதான்.

ஒரு நாள் காபி குடிக்கும்போது அண்ணி சொன்னார்: "கவனிச்சியா? குனியறதுக்குன்னு இருக்கிற வார்த்தை எல்லாத்துலயும் இந்த எழுத்துதான் உட்கார்ந்திருக்கு. தாழ், கீழ், விழு, அழு, ஏழை, பிழை."

நான் விடுவேனா? "ஏன், மகிழ்ச்சி இல்லையா? அழகு இல்லையா? வாழ்க்கை இல்லையா?"

"அதெல்லாம் யாரு மனுவுல எழுதறாங்க?"

மழைக்கு மட்டும் சலிக்காமல் ஒட்டினார். மழை நிஜமாகப் பெய்கிறது, அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்பார். அப்படி ஒட்டிய மழை ஒன்றில்தான் வினை வந்தது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, தான் குடியிருக்கும், நகர அலுவலகம் வாடகைக்குக் கொடுத்த வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று மனு கொடுத்தார். கட்டிலுக்கு நேர் மேலே ஒழுக்கு. அது அவருடைய ஐந்தாவது மனு. அன்றைக்குக் கடையில் கூட்டம். அண்ணி மனுவை முடித்துவிட்டு, உச்சியில் இருந்த வரிசையை அழிக்க மறந்துவிட்டார். நானும் பார்க்காமல் அச்சடித்துக் கொடுத்தேன். அந்த அம்மாவும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து மனு அந்த அம்மாவின் கையோடு திரும்பி வந்தது. மரியாதைக்குரிய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் உச்சியில், ஊமை பாட்டுப் பாடின மாதிரி, ழ ழா ழி ழு ழை ழ். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில்: "இது என்ன கேலி? உரிய மரியாதையுடன் மீண்டும் எழுதவும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு வாரமாக அவர் கட்டிலை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறார். அண்ணி எழுந்து நின்று, "தப்பு என்னுதும்மா. நான்தான் பார்க்காம விட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க," என்றார். அண்ணியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை வாருங்கள், சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தார்.

முதலாளிக்கு ழ-வரிசை பெரிதாகப் படவில்லை. கை தவறினது என்று விட்டிருப்பார். ஆனால் அந்தச் சாக்கில் மனுவை முழுதாகப் படித்துவிட்டார். பிறகு என் கோப்பிலிருந்து மற்ற நகல்களையும் எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

"ஏம்மா, தாழ்மை எங்க?"

"கீ கெட்டுப்போச்சு சார்."

"கீ கெட்டா மரியாதையும் கெட்டுப்போயிடுமா? நாளைக்கு அந்த ஆபீஸ்காரங்க, இந்தக் கடையில எழுதின மனுவை வாங்காதன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

மறுநாள் காலை ஒரு புது லேப்டாப்பைக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்தார். மெலிசாக, அழகாகத்தான் இருந்தது. உள்ளே மனுவின் தலையும் வாலும் ஏற்கெனவே அடித்து, யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டியிருந்தது. நடுவில் ஒரு கட்டம். அதில் குறையை நிரப்பினால் போதும். அது கடைச் சாமான், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு டைம். ஒண்ணு, இதுல உட்காரு. இல்ல, உன் பழசைச் சரி பண்ணிட்டு வந்து பழையபடி ஒழுங்கா எழுது. ரெண்டும் ஆகாதுன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஐம்பத்திரண்டு வயதில் வேற ஆள் என்ற சொல் எப்படி விழும் என்று அண்ணியிடம்தான் கேட்க வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் அண்ணன் இருக்கிறானே, அவன் எப்போதும் சுலபமான வழியைத்தான் சொல்வான். "போதும், இத்தனை வருஷம் அடிச்சது. வீட்ல இரு," என்றான். வீட்டில் இருந்தால் பஸ்ஸில் ஏறக்கூட இன்னொருவர் கையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அவனுக்கு எங்கே புரியப்போகிறது?

அவர்கள் மகள் நல்ல பெண். தானே ஒரு புது லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "ஒன்பது வருஷப் பழசுக்கு யாராவது செலவு பண்ணுவாங்களாம்மா? புதுசுல நீ முழுசா அடிக்கவே வேணாம். 'தா'ன்னு ஆரம்பிச்சாப் போதும், 'தாழ்மையுடன்'னு அதுவே எழுதி முடிச்சிடும்."

"அதான் வேணாம்ங்கறேன்," என்றார் அண்ணி.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் ரிப்பேர் கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் திருகாணி என்று பெயர். வாயில் எப்போதும் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டு பேசுவார். லேப்டாப்பைக் கவிழ்த்து, பின்பக்கத்தைக் கழற்றினார். விசிறியிலிருந்து வந்த தூசியை உருட்டி ஒரு தலையணை தைக்கலாம்.

"ஒரு எழுத்தை மட்டும் மாத்த முடியாதுக்கா. பலகையே மாத்தணும். கீல் போச்சு, பாட்டரி போச்சு. பேசாம புதுசு வாங்கிடுங்களேன்."

"வாங்கலாமான்னு நான் கேட்கலை தம்பி. சரி பண்ணினா ஓடுமா, ஓடாதா?"

திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓடும். உள்ள எல்லாம் கெட்டியா இருக்கு. நாலு வருஷத்துக்குக் கவலையில்ல. இப்ப வர்றதெல்லாம் ஒட்டியே அனுப்பறான், பிரிச்சாலே உடையும். இது பிரிச்சுப் பூட்டற ஜாதி."

அங்கே எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. அண்ணியை ஓரமாக இழுத்து, "அண்ணி, கீல், பாட்டரி, விசிறி எல்லாம் மாத்துங்க. பலகையை மட்டும் விட்டுடுங்க. ழ கெட்டே கிடக்கட்டும். முதலாளி கேட்டா, அந்தப் பலகை எங்கயும் கிடைக்கலை சார்னு சொல்லிடலாம். தாழ்மையும் எழுத வேணாம், வம்பும் இல்ல," என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வக்கீல் ஆபீஸ்ல என்னை நிறுத்தினப்ப நான் ஒரு லெட்டர் எழுதினேன், தெரியுமா? யாருக்கும் சொன்னதில்ல. மிகவும் தாழ்மையுடன்னு ஆரம்பிச்சு, ஏழைன்னு எழுதி, பிழை பொறுக்கணும்னு எழுதி. நான் ஒரு பிழையும் செய்யல. இருந்தாலும் எழுதினேன். வக்கீல் மேசை மேல அது நாலு நாள் கிடந்துது. அஞ்சாம் நாள் அது மேல காபி டம்ளர் வெச்சிருந்தாங்க. என் சாமானை எடுக்கப் போனப்ப பார்த்தேன்." மேசையில் கிடந்த லேப்டாப்பைக் காட்டினார். "இப்ப இந்த ஒரு மாசம்தான் மனுஷன் மாதிரி எழுதறேன். அதுவும் கீ கெட்டதால. கீ கெட்டதால எழுதலைன்னா, அது கீ எடுத்த முடிவு. எனக்கு அது வேணாம். ழ-வைப் போடச் சொல்லு. நல்லா அழுத்தமாப் போடச் சொல்லு."

எனக்குப் பயம் வந்தது. இந்த மனுஷிக்கு வேலை போகப்போகிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப் வந்தது. கீல் நிமிர்ந்து நின்றது, அட்டைப்பெட்டிக்கு வேலை போயிற்று. விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அண்ணி உட்கார்ந்ததும் முதல் காரியமாகச் சுண்டுவிரலால் ழ-வை ஒரு வரி நிறைய அடித்தார். பிறகு அதை அழித்தார். அழித்துவிட்டதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலாளி தூரத்திலிருந்து பார்த்து, காரியம் முடிந்தது என்ற நினைப்பில் தலையாட்டினார்.

சலவைக் கூடத்து அம்மா பத்து மணிக்கு வந்தார். அண்ணி அடித்தார். மழை, ஒழுக்கு, கீழ்வீட்டுச் சுவரில் ஈரம், கிழக்கு மூலை, ஏழு வாரம். ஒரு இடத்தில்கூட விரல் தயங்கவில்லை. முடித்துவிட்டு முக்காலியை நோக்கித் திரும்பினார்.

"அம்மா, ரெண்டு விதமாப் படிக்கறேன். இது உங்க மனு. எது வேணுமோ நீங்கதான் சொல்லணும்." முதலில் தலையும் வாலும் வைத்து, தாழ்மை, ஏழை, கீழ்ப்படிதல் எல்லாம் சேர்த்துப் படித்தார். பிறகு அவை இல்லாமல் படித்தார். "முதல்ல படிச்ச மாதிரி போட்டா அவங்க திருப்பி அனுப்பமாட்டாங்க. ரெண்டாவதுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. போன தடவை என்னால உங்களுக்கு ரெண்டு வாரம் போச்சு. அதனால யோசிச்சுச் சொல்லுங்க."

முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "இதுல அவங்களைக் கேட்க என்ன இருக்கு?"

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. துணி துவைத்துத் துவைத்து வெளுத்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடி நாலு மனு தாழ்மையாத்தான் கொடுத்தேன்," என்றார் மெதுவாக. "நாலு தடவையும் ஒழுகிக்கிட்டுதான் இருந்துது. ரெண்டாவதைப் போடுங்கம்மா."

"இந்தக் கடையிலேர்ந்து தாழ்மை இல்லாம ஒரு மனுவும் போகாது," என்றார் முதலாளி. "இப்ப கீயும் நல்லா இருக்கு. இப்ப என்ன சாக்கு?"

"சாக்கு ஒண்ணும் இல்ல சார். கீ நல்லா இருக்கு. நான்தான் எழுதலை."

முதலாளி வாசலைக் காட்டினார். அண்ணி சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டினார். லேப்டாப்பை மூடினார். அவர் சாமான், அவர் எடுத்துக்கொண்டார். படியிறங்கி, கடைக்கு வெளியே மாடிப்படியோரம் கிடக்கும் மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தார். புது பாட்டரி. சலவைக் கூடத்து அம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டே பின்னால் போனார். அது கடை முக்காலி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து நிமிடத்தில் அண்ணி பென் டிரைவோடு என் எதிரே வந்து நின்றார். "ரெண்டு பிரதி," என்றார், முன்பின் தெரியாத வாடிக்கையாளர் மாதிரி. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வேலை வேண்டும், எனக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் பிரிண்டரை ஓடவிட்டேன். அச்சடிக்க வந்தவருக்கு அச்சடித்துக் கொடுப்பதுதானே என் வேலை?

அன்று முழுக்க அண்ணி பெஞ்சில் எழுதினார். சனிக்கிழமையும் எழுதினார். யார் வந்தாலும் இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார். சிலர் தாழ்மை வேண்டும் என்றார்கள், அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. பலர் வேண்டாம் என்றார்கள். உள்ளே புது லேப்டாப் முன்னால் முதலாளி தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார். வேற ஆள் ஒருவன் வந்து அரை நாள் இருந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வரவில்லை.

அந்த அம்மாவின் மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருப்பி அனுப்பவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. முன்பு கொடுத்த நான்குக்கும் அதே பதில்தான் வந்தது என்றார் அவர். அண்ணி அந்தப் பதிலுக்கு ஒரு பதில் எழுதினார். என்றைக்குள் முடியும் என்று நாள் கேட்டு.

பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாம் நாள் முதலாளி வெளியே வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பாதிக் கோபமும் பாதி கேலியுமாகக் கையைக் கூப்பினார்.

"அம்மா தாயே, மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கறேன். உள்ள வந்து உட்காரு."

அண்ணி அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"தாழ்மை எல்லாம் எதுக்கு சார்? கேட்டாப் போதும்."